மூவர் பணியிடத்துக்கு ஏற்ற பதிப்புக் கட்டுப்பாடு

கேள்வி: நானும் என் தம்பியும் அவருடைய நண்பரும் சேர்ந்து ரோஸ் ஹில்லில் சிறு கடைகளுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் ஒரு கோவில் சங்கத்துக்கும் இணையதளங்கள் அமைத்துத் தருகிறோம். கோப்புகளை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக நேரே வழங்கியில் (சர்வர்) ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். சென்ற மாதம் நான் திருத்தி ஏற்றிய விடுதிக் கட்டணப் பக்கத்தின்மேல் தம்பி தம் கணினியில் இருந்த பழைய பிரதியை ஏற்றிவிட்டார். மூன்று நாள் பழைய விலையிலேயே முன்பதிவு வந்து, விடுதிக்காரரிடம் தலைகுனிய வேண்டியதாயிற்று. யார் எதை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்துவைக்கும் பதிப்புக் கட்டுப்பாடு வேண்டும் என்பது புரிந்துவிட்டது. மாதாமாதம் டாலரில் கட்டணம் செலுத்தும் நிலையில் நாங்கள் இல்லை. நண்பர் அதற்கான மென்பொருள்களில் ஒன்றான சப்வெர்ஷனே போதும் என்கிறார். தம்பி, கிட் என்ற மென்பொருளுக்கு இணையத்தில் இடம் தரும் கிட்ஹப் என்கிறார். வாடிக்கையாளரின் கோப்புகளை வெளிநாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இணையதளங்களுக்காக வாடகைக்கு எடுத்த வழங்கி இடம் ஒன்று எங்களிடம் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

— ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீசியஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மூவருக்கும் பொதுவான களஞ்சியத்தை (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்திருக்கும் இடம்), பிறர் பார்க்க முடியாத கிட்ஹப்பின் இலவசத் தனிக் களஞ்சியமாகவோ உங்கள் வாடகை வழங்கியிலேயோ வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை அதன் முழுப் பிரதியை ஒரு பென் டிரைவில் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். பென் டிரைவின் விலையைத் தவிர இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. நீங்கள் குறிப்பிட்ட கருவிகள் இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை என்பதால், தேர்வை விலை முடிவு செய்யப்போவதில்லை. மூவரும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிக்க எந்த அமைப்பு எளிதாக உதவும் என்பதே பார்க்க வேண்டியது.

விடுதிக் கட்டணம் மாறிப்போன நிகழ்ச்சியையே எடுத்துக்கொண்டு, அன்று கிட் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். நீங்கள் கட்டணத்தைத் திருத்தி, கமிட் செய்து (மாற்றத்தைக் குறிப்போடு பதிந்து), பொதுக் களஞ்சியத்துக்குப் புஷ் செய்திருப்பீர்கள், அதாவது அனுப்பியிருப்பீர்கள். பிறகு தம்பி, அதே பக்கத்தின் அடியில் உள்ள தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டுப் புஷ் செய்ய முயன்றிருப்பார். அவரிடம் இல்லாத ஒரு மாற்றம் களஞ்சியத்தில் இருப்பதைக் கண்ட கிட், அவர் அனுப்பியதை ஏற்க மறுத்து, முதலில் புல் செய்து, அதாவது அந்த மாற்றத்தை இறக்கிக்கொண்டு, வரும்படி சொல்லியிருக்கும். புல் செய்ததும், நீங்கள் தொட்ட வரியும் அவர் தொட்ட வரியும் வேறு வேறு இடங்களில் இருப்பதால், உங்கள் புதிய கட்டணமும் அவருடைய புதிய எண்ணும் தாமாகவே ஒரே கோப்பில் சேர்ந்திருக்கும். எஃப்டிபிக்குக் கோப்பு என்பது முழுசாக வந்து முழுசாக மேலே விழும் ஒரு பொட்டலம். கிட்டோ, இருவருக்கும் பொதுவான முந்தைய நிலை எது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து யார் எந்த வரியை மாற்றினார் என்று ஒப்பிடுகிறது.

இருவரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால், கிட் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. தம்பி புல் செய்தபின் கோப்பைத் திறந்தால் அந்த இடத்தில் ஏழு இடக்கோணக் குறிகள் கொண்ட ஒரு வரி நிற்கும்; அதற்குக் கீழே தம்பி எழுதிய 2,800 ரூபாய்; பிறகு ஏழு சமக்குறிகள்; அதற்குக் கீழே நீங்கள் எழுதிய 3,200 ரூபாய்; கடைசியில் ஏழு வலக்கோணக் குறிகள். எது சரி என்று அவர் உங்களிடம் கேட்டு, வேண்டாத வரியையும் மூன்று குறி வரிகளையும் நீக்கிச் சேமித்து, மறுபடி கமிட் செய்ய வேண்டும். முதன்முறை இதைப் பார்ப்பவர் ஏதோ உடைந்துவிட்டது என்று அஞ்சி, கோப்பை அப்படியே ஏற்றிவிடுவது உண்டு. பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் கோப்பில் அந்தக் குறிகள் எஞ்சியிருந்தால் பக்கம் வெறும் வெள்ளையாகவோ பிழைச் செய்தியோடோ நிற்கும். ஆகவே வாடிக்கையாளர் தளத்தில் கை வைக்கும் முன்பு, மூவரும் ஒரு மாலை உட்கார்ந்து, ஒரு சோதனைக் கோப்பில் வேண்டுமென்றே இந்த மோதலை உண்டாக்கித் தீர்த்துப் பழகுங்கள். அந்த ஒரு மணி நேரம் பின்னாளில் பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

உங்கள் நண்பர் சப்வெர்ஷனைச் சொன்னதில் தவறில்லை. 2000இல் தொடங்கி, 2010இல் அப்பாச்சி என்ற மென்பொருள் அறக்கட்டளையின் முழுத் திட்டங்களில் ஒன்றான அது இன்றும் நம்பத் தகுந்த மென்பொருள்தான். ஒருவர் ஒரு கோப்பில் வேலை செய்யும்போது மற்றவர் தொடாதபடி பூட்டி வைக்கும் வசதி அதில் உண்டு. வரிவரியாக ஒன்றுசேர்க்க முடியாத ஃபோட்டோஷாப் கோப்புகளை அதிகம் கையாளும் குழுவுக்கு அது பெரிய உதவி. ஆனால் சப்வெர்ஷனில் வரலாறு முழுவதும் மைய வழங்கியில் மட்டுமே இருக்கிறது. அதை அடைய முடியாத நேரத்தில் ஒரு கமிட்கூடச் செய்ய முடியாது, பழைய பதிப்பு ஒன்றைப் புரட்டிப் பார்க்கவும் முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளக் கருவின் தேவைக்காக 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கிட்டிலோ, களஞ்சியத்தைப் பிரதியெடுத்த ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். சூறாவளி எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறி, கடைகள் அடைத்து, இணைப்பும் அறுந்து வீட்டில் இருக்கும் நாளிலும் மடிக்கணினியில் மின்கலம் உள்ளவரை நீங்கள் வேலை செய்யலாம், கமிட் செய்யலாம். இணைப்பு திரும்பியதும் எல்லாவற்றையும் சேர்த்துப் புஷ் செய்யலாம். இந்தத் தீவில் இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்பவன் என்ற முறையில் எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

வேறொரு காரணமும் உண்டு. சப்வெர்ஷனுக்கு இலவசமாக இடம் தருவோர் குறைந்துகொண்டே வருகிறார்கள்; சப்வெர்ஷன் கருவிகள் வழியாகத் தன்னை அணுக அளித்துவந்த வசதியைக் கிட்ஹப் 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. கிட்டோடு ஒரே காலத்தில் பிறந்த மெர்க்குரியல் என்ற கருவி கற்பதற்கு இனியது. ஆனால் அதற்குப் புகலிடமாக இருந்த பிட்பக்கெட் 2020இல் அதைக் கைவிட்டபோது பலர் அவசர அவசரமாக இடம் மாற வேண்டியிருந்தது. நாளை நீங்கள் நான்காவதாக ஓர் இளைஞரைப் பணிக்குச் சேர்த்தால், அவர் பெரும்பாலும் கிட்டைத் தெரிந்துகொண்டுதான் வருவார்.

உங்களைப் போலன்றித் தனியாக வேலை செய்பவர் யாரேனும் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஃபாசில் என்ற கருவியை மனதாரச் சொல்லியிருப்பேன். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பின் ஆக்கம் அது. நிரல் ஒரே கோப்பு. களஞ்சியமும் ஒரே கோப்பு. பிழைகளைக் குறித்துவைக்கும் பட்டியலும் குறிப்பேடும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. சாதாரண வாடகை வழங்கியில் சிஜிஐ நிரலாகவும் (உலாவி கேட்கும்போது வழங்கி இயக்கும் நிரல்) ஓடும். குறைவான பொருளைக் கொண்டு நிறைவான வசதி செய்த அழகு அதில் உண்டு. மூவர் குழுவுக்கு, அதுவும் ஆள் மாறக்கூடிய குழுவுக்கு, அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அதைத் தெரிந்தவர்கள் அவ்வளவு குறைவு.

இனி, களஞ்சியத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி. கிட்ஹப்பில் தனிக் களஞ்சியம் வைக்க முன்பு பணம் கட்ட வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் மூன்று பேர் வரை சேர்ந்து பயன்படுத்தும் தனிக் களஞ்சியங்களை இலவசமாக்கினார்கள். 2020 ஏப்ரலில் அந்த மூன்று பேர் வரம்பையும் நீக்கினார்கள். உங்களுக்குத் தேவையான அனைத்தும் அந்த இலவசத் திட்டத்திலேயே அடங்கும். அதற்கு அடுத்த திட்டம் ஆளுக்கு மாதம் 4 டாலர். மூவருக்கு 12 டாலர், அதாவது நம் பணத்தில் 500 ரூபாய்க்குச் சற்று மேல். உங்கள் அளவிலான குழுவுக்கு அதில் கூடுதலாகக் கிடைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தனி ஒரு கோப்பு 100 மெகாபைட்டைத் தாண்டினால் கிட்ஹப் ஏற்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கிட்லேபும் பிட்பக்கெட்டும் ஐந்து பேர் வரை இலவசமாகவே இடம் தருகின்றன. மூவருக்கு அவையும் போதும். பெர்லினில் பதிவான இலாப நோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் எனக்கு மிகவும் பிடித்த இடம் என்றாலும், அது யாரும் பார்த்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கானது. வாடிக்கையாளருக்காகச் செய்த மூடிய வேலைகளை அங்கே கொண்டுபோய் வைப்பது முறையாகாது.

கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கும்போது இரண்டு இடங்களில் தடுமாறுவீர்கள். 2021 ஆகஸ்டு முதல் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு புஷ் செய்ய முடியாது. எஸ்எஸ்எச் (வழங்கியோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ளும் முறை) சாவி ஒன்றை உருவாக்கிக் கணக்கில் பதிய வேண்டும், அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலான நீண்ட குறியீடாகிய அணுகல் டோக்கன் ஒன்றைப் பெற வேண்டும். இரண்டாவதாக, இரட்டை உறுதிப்பாடு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும், கேட்பார்கள். அதற்கான மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பத்திரமாக வையுங்கள். கைப்பேசி கடலில் விழுந்த மறுநாள் அந்தத் தாளின் அருமை தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று, களஞ்சியம் யார் பெயரில் இருக்கிறது என்பது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், எல்லாக் களஞ்சியங்களையும் ஓர் ஊழியர் தம் சொந்தக் கணக்கிலேயே தொடங்கியிருந்தார். அவர் வெளிநாடு சென்று, பழைய மின்னஞ்சலையும் கைவிட்டபின், எங்கள் கணினிகளில் இருந்த பிரதிகளை வைத்துப் புதிய களஞ்சியம் தொடங்க நேர்ந்தது. கிட்டில் பிரதி ஒவ்வொன்றிலும் வரலாறு இருந்ததால் நிரல் பிழைத்தது, ஆனால் கிட்ஹப்பில் மட்டும் எழுதி வைத்திருந்த பிழைக் குறிப்புகளும் உரையாடல்களும் போனது போனதுதான். அவர் மீது குற்றமில்லை. முதல் நாளே யாரும் கேட்கவில்லை. ஆகவே நிறுவனத்தின் பெயரில் ஓர் அமைப்புக் கணக்கு தொடங்குங்கள், அதுவும் இலவசம்தான். அதில் குறைந்தது இருவரை உரிமையாளராக வையுங்கள். தம்பியின் நண்பர் பிரிந்து சென்றால் அவர் பெயரை நீக்கினால் போதும்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்கத் தயக்கம் என்றீர்கள். அதற்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் வாடகை வழங்கியில் எஸ்எஸ்எச் அனுமதியும் கிட்டும் உள்ளனவா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சீபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள பல வழங்கிகளில் கிட்டுக்கென்றே ஒரு பகுதி உண்டு. இருந்தால், உங்கள் இடத்தில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதற்குள் ‘கிட் இனிட்’ கட்டளையைப் ‘பேர்’ என்ற விருப்பத்தோடு இட்டால், வேலைக் கோப்புகள் ஏதுமின்றி வரலாற்றை மட்டும் தாங்கும் வெற்றுக் களஞ்சியம் ஒன்று பிறந்துவிடும். மூவரும் அதற்குப் புஷ் செய்யலாம், அதிலிருந்து புல் செய்யலாம். அதற்குள் ‘ஹுக்ஸ்’ என்ற கோப்புறையில் ‘போஸ்ட் ரிசீவ்’ என்ற பெயரில் மூன்று நான்கு வரிக் கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதி வைத்தால், ஒவ்வொரு புஷ்ஷுக்குப் பிறகும் முதன்மைக் கிளையின் (வேலையின் முக்கியத் தொடரின்) கோப்புகளைத் தளம் இருக்கும் கோப்புறையில் அதுவே பரப்பிவிடும். பொது இடமும் வெளியீட்டு வழியும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், எஃப்டிபிக்கு வேலையே இராது.

ஆனால் ஓர் எச்சரிக்கை, இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் களஞ்சியத்தை, தளத்தின் கோப்புகள் உலகுக்குத் தெரியும் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ கோப்புறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். தளத்தின் கோப்புறைக்குள் கிட்டின் மறைவுக் கோப்புறை கிடந்தால், முகவரியைக் கணித்து எழுதும் எவரும் உலாவி வழியாகவே அதன் உள்ளடக்கத்தை இறக்கி, உங்கள் நிரல் முழுவதையும் பழைய பதிப்புகளோடு மீட்டெடுத்துவிடலாம். இதைத் தேடுவதற்கென்றே நிரல்கள் இணையம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. களஞ்சியம் வீட்டுக் கோப்புறையில் தனியாக, தளத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பழைய கணினி ஒன்றில் கிட்லேபின் மென்பொருளையே நிறுவிக்கொள்ளலாம் என்று யாரேனும் சொல்லக்கூடும். அது பல கிகாபைட் நினைவகத்தை விழுங்கும். மூவருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. அதே வேலையைச் செய்யும் கிட்டியா, அதிலிருந்து 2022இல் பிரிந்த ஃபோர்ஜெஜோ ஆகிய இரண்டும் மிக இலகுவானவை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியிலும் ஓடும். என்றாலும் அதைப் புதுப்பித்துக்கொண்டும், மின்சாரம் நின்று வந்தபின் எழுப்பிக்கொண்டும் இருக்க ஒருவர் வேண்டும். உங்கள் மூவருக்கும் அந்த நேரத்தை வாடிக்கையாளர் வேலையில் செலவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

களஞ்சியம் எங்கே இருந்தாலும், அதற்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதில்தான் உங்கள் தயக்கத்துக்கு உண்மையான விடை இருக்கிறது. நீங்கள் எழுதிய நிரல், வார்ப்புருக்கள், பாணிக் கோப்புகள், சிறு சின்னங்கள் போகலாம். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பு, விருந்தினர் அனுப்பிய படங்கள், பிறர் எழுதிய நிரல் நூலகங்கள் தாமாக வந்து இறங்கும் கோப்புறைகள், தரவுத்தளத்தின் நகல் ஆகியவை போகக்கூடாது. அவற்றின் பெயர்களை, கிட் ஒதுக்க வேண்டியவற்றின் பட்டியலான ‘கிட்இக்னோர்’ கோப்பில் முதல் கமிட்டுக்கு முன்பே எழுதிவிடுங்கள். குறிப்பாக, விடுதித் தளங்களின் தரவுத்தளத்தில் விருந்தினரின் பெயர், தொலைபேசி, கடவுச்சீட்டு எண் எல்லாம் இருக்கும். 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ள நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய தனிப்பட்ட தகவல்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு நிபந்தனைகள் விதிக்கிறது. நிரல் மட்டும் கிட்ஹப்பில் இருந்தால் அந்தச் சிக்கலே எழாது. எப்போதாவது கடவுச்சொல் ஒன்று தவறுதலாகக் கமிட்டுக்குள் போய்விட்டால், அடுத்த கமிட்டில் அந்த வரியை நீக்கிவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். உடனே செய்ய வேண்டியது, அந்தக் கடவுச்சொல்லை வழங்கியிலேயே மாற்றுவது. வரலாற்றைக் கழுவுவது அதற்குப் பிறகுதான்.

தரவுத்தளம் கிட்டுக்குள் இல்லை என்பதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கோவில் சங்கத்தின் தளம் வேர்ட்பிரஸ்ஸில் அமைந்திருந்தால், நீங்கள் எழுதும் அறிவிப்புகளும் நிகழ்ச்சி நிரலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றனவே தவிர, கோப்புகளில் இல்லை. கிட் அவற்றைக் காக்காது. அதற்கு வழக்கமான தரவுத்தள நகலெடுப்பு தனியாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய படங்களும் அப்படியே: 8 மெகாபைட் ஒளிப்படம் ஒன்றை ஐந்து முறை திருத்திக் கமிட் செய்தால், களஞ்சியம் ஏறத்தாழ 40 மெகாபைட் பருத்துவிடும், அதன்பின் எளிதில் மெலியாது.

வெளியில் ஒரு பிரதி ஏன் வேண்டும் என்பதற்கு 2024 ஜனவரி 15ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பெலால் சூறாவளியின்போது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்து சென்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வாரம், தரைத்தளத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒருவர் தம் கணினியையும் ஒரு வெளிவட்டையும் (எக்ஸ்டர்னல் டிஸ்க்) என்னிடம் கொண்டுவந்தார். நகல் எடுக்கும் பழக்கம் உள்ளவர்தான். ஆனால் வெளிவட்டு அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. திருகாணிகளைக் கழற்றியபோது சேறு கலந்த தண்ணீர் வடிந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கிட்டில் ‘பண்டில்’ என்றொரு கட்டளை உண்டு. அதோடு ‘ஆல்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாக் கிளைகளும் முழு வரலாறும் ஒரே கோப்பாகக் கட்டப்படும். அதைப் பென் டிரைவில் போட்டு அம்மா வீட்டில் கொடுத்து வைத்தால், தேவைப்படும் நாளில் அந்தக் கோப்பிலிருந்தே குளோன் செய்துகொள்ளலாம், அதாவது களஞ்சியத்தை முழுதாகப் பிரதியெடுத்துக்கொள்ளலாம். பென் டிரைவிலேயே வெற்றுக் களஞ்சியம் வைத்துப் புஷ் செய்வதும் முடியும். ஆனால் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த டிரைவாக இருந்தால், கோப்புறையின் உரிமையாளர் யாரென்று ஐயமாக இருப்பதாகச் சொல்லிக் கிட் நின்றுவிடும். அப்போது அந்த இடம் நம்பத் தக்கது என்று ‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் குறித்துக்கொள்ள வேண்டும். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்றவற்றுக்குள் கிட் களஞ்சியத்தை வைத்து இரண்டு கணினிகளில் ஒருசேர வேலை செய்யாதீர்கள். பாதி ஒத்திசைந்த நிலையில் களஞ்சியம் கெட்டுப்போகும். பண்டில் கோப்பை மட்டும் அங்கே வைப்பதில் தடையில்லை.

நம் ஊர்த் தளங்களுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கத்தில் பிரெஞ்சும் தமிழும் வருகின்றன. ஒருவர் கணினியில் உள்ள பழைய எழுதி (எடிட்டர்), கோப்பை விண்டோஸின் பழைய குறிமுறையில் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை) சேமித்துவிட்டால், பிரெஞ்சின் உச்சிக்குறி எழுத்துகள் சிதைந்து, தமிழ் வரிகள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறியாகச் சேமித்த எழுத்தை எந்தக் கருவியாலும் திரும்பப் பெற முடியாது. முந்தைய பதிப்பு இருந்தால் மட்டுமே மீட்கலாம். எந்தக் கமிட்டில் அது நடந்தது என்பதைக் கிட் நொடியில் காட்டிவிடும். அதற்கு முன்னேற்பாடாக, ‘எடிட்டர்கான்ஃபிக்’ கோப்பு ஒன்றில் குறிமுறை, எல்லா மொழிகளையும் தாங்கும் யுடிஎஃப் 8 என்று எழுதிக் களஞ்சியத்தில் வையுங்கள். ‘கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் உரைக் கோப்புகளின் வரி முடிவைத் தானாகச் சீராக்கும்படி குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால், விண்டோஸும் மேக்கும் கலந்த குழுவில், ஒருவர் ஓர் எழுத்தை மாற்றினாலும் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டி, மெய்யான மாற்றம் எதுவென்று தெரியாமல் போய்விடும். தமிழில் பெயரிட்ட கோப்புகள் இருந்தால், நிலையறியும் கட்டளையில் அவை பின்சாய்கோடுகளோடு 340, 256 என்ற எண் கூட்டமாகத் தெரியும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘கோர் கோட்பாத்’ என்ற அமைப்பை அணைத்துவிட்டால் பெயர் தமிழிலேயே வரும். கமிட் குறிப்புகளையும் தமிழிலோ பிரெஞ்சிலோ மூவருக்கும் எது இயல்போ அதில் எழுதலாம். “திருத்தம்” என்று மட்டும் எழுதாமல், “பிப்ரவரி முதல் இருவர் அறைக் கட்டணம் 3,200” என்பதுபோல் எழுதினால், ஆறு மாதம் கழித்துத் தேடுபவருக்கு அது உதவும்.

தொடங்கும் முறையில் ஒரு சிறு கவனம் தேவை. உங்கள் மூவர் கணினிகளிலும் உள்ள பிரதிகளில் எது சரி என்று வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். இன்று வழங்கியில் நேரலையில் உள்ள கோப்புகளை இறக்கி, அவற்றையே முதல் கமிட்டாக வையுங்கள். வாடிக்கையாளர் கண்ணால் காண்பது அதுதான். அதன்பின் ஒவ்வொருவரும் தம் பிரதியை அதன்மேல் வைத்துப் பார்த்தால், வேறுபாடுகள் வரிவரியாகத் தெரியும். வேண்டியதை மட்டும் சேருங்கள். மறுநாளே எஃப்டிபி கடவுச்சொல்லை மாற்றி, உங்கள் ஒருவர் கையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். அவசரத்தில் ஒருவர் வழங்கியில் நேரே ஒரு வரி திருத்தினால்கூட, களஞ்சியம் சொல்வதும் தளம் காட்டுவதும் வேறாகி, அடுத்த வெளியீட்டில் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சிட நண்பர் தயங்கினால், விஷுவல் ஸ்டூடியோ கோட் எழுதியிலேயே கிட்டுக்கான பொத்தான்கள் உள்ளன, அதில் தொடங்கட்டும். கிளைகளைப் பற்றி இப்போதைக்கு அதிகம் கவலை வேண்டாம்: முதன்மைக் கிளை ஒன்று, பெரிய மாற்றத்துக்குத் தற்காலிகக் கிளை ஒன்று, அவ்வளவு போதும்.

விடுதிகளை விட்டுவிட்டுக் கோவில் சங்கத்தின் தளத்திலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காவடித் திருவிழாவுக்கு முந்தைய நாள்களைத் தவிர அங்கே அவசரம் குறைவு. ஒரு மாதம் அதில் மட்டும் பழகுங்கள். திருவிழாப் பக்கத்தை வெளியிடும் முன்பு அப்போதைய நிலைக்கு ஒரு டேக் (பெயர்க்குறி) இட்டு வையுங்கள். ஓர் ஓய்வான மாலையில், பென் டிரைவில் உள்ள பண்டில் கோப்பையும் தரவுத்தள நகலையும் மட்டும் வைத்துக்கொண்டு, வேறொரு கணினியில் அந்த டேக் நிலையிலிருந்து தளம் முழுவதையும் எழுப்பிக் காட்டும்படி தம்பியிடம் சொல்லுங்கள். அவர் யாரையும் கேட்காமல் அதைச் செய்து முடித்த பிறகு விடுதித் தளங்களை ஒவ்வொன்றாக மாற்றலாம்.